கடலுக்கடியில் எடுத்த படங்களில் ஏறும் நீலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கோ திரிகோணமலைக்கோ போய்வந்த நண்பர்கள் எனக்குப் படம் அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதுவார்கள்: "நேரில் ரொம்ப அழகாக இருந்தது, படத்தில் ஒன்றுமே இல்லை." திறந்து பார்த்தால் மீன், பவளம், மணல், பக்கத்தில் நீந்தும் மனைவியின் முகம் எல்லாம் நீலச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். இந்தப் படங்களை உட்கார்ந்து சரிசெய்வது எனக்குப் பிடித்த வேலை. அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபோனில் எடுப்பவர்களுக்கும், ஆக்‌ஷன் கேமரா வைத்திருப்பவர்களுக்கும், ஹவுசிங்கோடு (தண்ணீர் புகாத கேமரா உறை) பெரிய கேமரா கொண்டுபோகிறவர்களுக்கும் பொதுவான விஷயம்தான் இது.

கண்ணுக்கு இவ்வளவு நீலமாகத் தெரியவில்லையே. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. குண்டு பல்ப் எரியும் அறையில் வெள்ளைத் தாளைப் பார்த்தால் நமக்கு அது வெள்ளையாகத்தான் தெரிகிறது; உண்மையில் அதன்மேல் விழுவது மஞ்சள் ஒளி. மூளை அந்த மஞ்சளைக் கழித்துவிடுகிறது. தண்ணீருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. இறங்கிய சில நிமிடங்களில் நீலம் பழகிப்போகிறது. தெரிந்த பொருள் என்றால் அதன் நிறத்தை நினைவிலிருந்தும் மூளை நிரப்பிக்கொள்ளும். உங்கள் நீச்சல் உடை சிவப்பு என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் சிவப்பாகவே பார்ப்பீர்கள். கேமராவுக்கு அந்த நினைவு கிடையாது. அதன் ஆட்டோ வொயிட் பேலன்ஸும் (எது வெள்ளை என்று கேமரா தானாக முடிவுசெய்யும் அமைப்பு) தரைமேல் கிடைக்கும் ஒளிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டிய நீலத்தைக் கண்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும்.

தண்ணீருக்குத்தான் நிறமே இல்லையே. நீலம் எங்கிருந்து வருகிறது?

ஒரு டம்ளர் தண்ணீருக்கு நிறமில்லை. ஐந்து மீட்டர் தண்ணீருக்கு உண்டு. நீர் மூலக்கூறில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் பிணைப்புகள் அதிர்கின்றன. அந்த அதிர்வு சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது. நீலத்தைக் கிட்டத்தட்டத் தொடுவதில்லை.

வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்று பலரும் படித்திருப்போம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கு 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைப் பார்த்தபோது இந்த விளக்கம் ஒப்பவில்லை. மேற்பரப்பின் பிரதிபலிப்பை வெட்டிவிடும் பட்டகம் ஒன்றின் வழியாகப் பார்த்தார். அப்போதும் நீலம் இருந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். 1928இல் அவர் கண்டறிந்த ராமன் விளைவுக்கு இட்டுச்சென்ற பாதை அங்கேதான் தொடங்கியது. இன்று அந்தச் சிதறலோடு, சிவப்பை விழுங்கும் குணத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்.

நம் படத்தை இந்த இரண்டும் இரண்டு விதமாகக் கெடுக்கின்றன. ஒன்று, பொருளிலிருந்து வர வேண்டிய சிவப்பைத் தின்றுவிடுகிறது. இன்னொன்று, பொருளுக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள தண்ணீரின் நீல வெளிச்சத்தைப் படத்தின்மேல் பூசுகிறது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு ஆழத்தில் சிவப்பு போய்விடும்?

ஒரு கோடு போட்டு, இதற்குக் கீழே சிவப்பு கிடையாது என்று சொல்ல முடியாது. மீட்டருக்கு மீட்டர் தேய்கிறது. தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி ஒரு மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 29 சதவீதம் குறைகிறது. அடுத்த மீட்டரில், மிச்சம் இருப்பதில் மறுபடி 29 சதவீதம். இப்படியே போனால் 5 மீட்டரில் 18 சதவீதம், 10 மீட்டரில் 3 சதவீதம், 20 மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே 10 மீட்டரில் பச்சை பாதிக்கு மேல் இருக்கும். நீலம் 90 சதவீதம் அப்படியே இருக்கும். கடல்நீரில் துகள்களும் நுண்ணுயிர்களும் கலந்திருப்பதால் இழப்பு இதைவிடக் கூடுதல்தான்.

பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒளி மேலிருந்து மீன்வரை வருவதோடு கணக்கு முடியவில்லை. மீனிலிருந்து உங்கள் லென்ஸ்வரையும் அது தண்ணீருக்குள்தான் வர வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் மொத்தப் பயணம் 8 மீட்டர். சிவப்பில் 7 சதவீதம்கூட வராது. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் பயணம் 6 மீட்டராகும், சிவப்பு 13 சதவீதமாக ஏறும். ஆழம் மாறவில்லை, கேமரா மாறவில்லை, சிவப்பு மட்டும் இரண்டு மடங்கு.

கூடுதலாக இருக்கும் நீலத்தைக் கழித்துவிட்டால் போதாதா?

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். படத்தின்மேல் நீலக் கண்ணாடித் தாள் ஒட்டியிருப்பதாகவும், அதை உரித்தால் உள்ளே எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சிவப்பு பதிவாகவே இல்லை, அல்லது மிகக் கொஞ்சமாகப் பதிவாகியிருக்கிறது. நீலத்தைக் குறைத்தால் படம் இருண்டு பச்சையாகும், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சச் சிவப்பைத் தேடி எடுத்து வளர்ப்பதே திருத்தம். எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவுதான் வளரும். அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு என் பதில், எடுக்கும்போதே சிவப்பைக் காப்பாற்றுங்கள் என்பதில் வந்து நிற்கும்.

என் படம் நீலமாக இல்லை, பச்சையாக இருக்கிறது. ஏன்?

கரையோரக் கடலில் அப்படித்தான் வரும். நுண்பாசிகளின் பச்சையம் நீல ஒளியை எடுத்துக்கொள்கிறது. ஆறுகள் கொண்டுவரும், இலைதழை ஊறிய சாறும் நீலத்தைத் தின்னும். சிவப்பைத் தண்ணீரே தின்றுவிட்டதால் நடுவில் இருக்கும் பச்சைதான் மிச்சம். புதுச்சேரிப் பக்கமும் பாக் நீரிணைப் பக்கமும் எடுத்த படங்கள் இந்த வகை. திருத்தும்போது வெப்பநிலை ஸ்லைடரைவிட (நீலம்-மஞ்சளை நகர்த்துவது) டின்ட் ஸ்லைடரை (பச்சை-மெஜந்தாவை நகர்த்துவது) மெஜந்தா, அதாவது ஊதா கலந்த சிவப்புப் பக்கம் தள்ளுவதுதான் அதிகம் உதவும். ஃபில்டர் வாங்குவதென்றாலும் சிவப்பு வேண்டாம், மெஜந்தா ஃபில்டர் கேளுங்கள்.

படம் எடுக்கும்போது முக்கியமாக என்ன கவனிக்க வேண்டும்?

நெருங்குங்கள். முடிந்த அளவு நெருங்கிவிட்டதாக நினைத்தபின் இன்னும் கொஞ்சம் நெருங்குங்கள். ஜூம் செய்வது நெருங்குவது ஆகாது. நடுவில் உள்ள தண்ணீர் அப்படியே இருக்கும். அகலக் கோணத்தில் வைத்துக்கொண்டு உடலால் நெருங்க வேண்டும்.

சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும் நேரமாகப் பாருங்கள், காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை. வெயில் சாய்வாக விழுந்தால் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிப் போய்விடும். உள்ளே வருவதும் நீண்ட வழியில் வரும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஆழத்தைவிட ஆழமின்மையை விரும்புங்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் ஸ்நார்கெல் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மீட்டரில் எடுக்கும் படத்தை, 18 மீட்டர் ஸ்கூபா படத்தைவிடப் பத்து மடங்கு எளிதாகத் திருத்திவிடலாம்.

நெருங்கச் சொன்னேன் என்பதற்காகப் பவளத்தின்மேல் கால் வைத்து நிற்காதீர்கள். கை ஊன்றாதீர்கள். அது பாறை போலத் தெரிந்தாலும் உயிருள்ளது. பல வகைப் பவளம் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. நீங்கள் ஒரு படத்துக்காக உடைப்பது உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம். இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மிதந்தபடி அசையாமல் நிற்கப் பழகாதவர்கள் முதலில் அதைப் பழகுங்கள், கேமரா அடுத்த முறை வரட்டும்.

கேமராவில் வொயிட் பேலன்ஸை எதில் வைப்பது?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறீர்கள் என்றால் கஸ்டம் வொயிட் பேலன்ஸ். வெள்ளை அல்லது சாம்பல் பலகை ஒன்றை, மீன் இருக்கும் ஆழத்திலேயே, மீனை எடுக்கப்போகும் தூரத்திலேயே பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று மீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆமாம், சலிப்பான வேலைதான். ஆனால் ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. ஒருமுறை நான் இரண்டு மீட்டரில் பலகை காட்டிவிட்டு, மறந்துபோய் ஒன்பது மீட்டர்வரை அதே அமைப்பில் எடுத்தேன். அன்றைய படங்களில் கடைசி நாற்பதும் மேகம் மூடிய மாதிரிச் சாம்பல் நீலம்.

பலகை இல்லாவிட்டால் வெள்ளை மணல் நல்லது. உள்ளங்கையும் உதவும், அதில் இயல்பாகவே கொஞ்சம் சிவப்பு இருப்பதால் படம் லேசாகக் குளிர்ந்த நிறத்தில் வரும், அதைப் பின்னால் சரிசெய்யலாம்.

ரா ஃபைல் கட்டாயமா?

கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு முக்கியம். சென்சார் பதிவுசெய்ததைக் கேமரா மாற்றியமைக்காமல் வைத்திருக்கும் ஃபைல்தான் ரா. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். தண்ணீருக்கடியில் சிவப்பு அதில் அடிமட்டத்துப் பதினைந்து இருபது படிகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அதை இழுத்து 256க்கு விரித்தால் பட்டை பட்டையாகத் தெரியும். ரா ஃபைலில் 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். விரிப்பதற்கு இடம் இருக்கிறது. இன்னொரு காரணம்: மிக அடர்ந்த நீலத்தை ஜேபெக்காக மாற்றும்போது கேமராவே பல இடங்களில் சிவப்பைப் பூஜ்ஜியமாக வெட்டிவிடுகிறது. ரா ஃபைலில் அதே இடத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

சிவப்பு ஃபில்டர் வாங்கலாமா?

மூன்றிலிருந்து பதினைந்து மீட்டருக்குள், வெயில் நன்றாக இருக்கும் நாளில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறவர் என்றால் வாங்கலாம். ஃபில்டர் சிவப்பை உண்டாக்காது. நீலத்தையும் பச்சையையும் தடுத்து, மூன்று நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சென்சாரில் விழச் செய்கிறது. நீலம் முதலில் நிரம்பி வழிந்துவிடாததால் கேமரா நேரம் எடுத்துச் சிவப்பைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. அதற்கு விலை, பாதிக்கும் மேற்பட்ட வெளிச்சம். ஆழம் கூடினால் படம் இருண்டுவிடும். ஃபில்டர் போட்டுக்கொண்டு ஃபிளாஷ் அடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் செங்கல் நிறம் ஆகும்.

ஃபிளாஷ் போட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

நெருக்கத்தில் தீர்ந்துவிடும். ஃபிளாஷ் ஒளியும் போய்த் திரும்பிவர வேண்டும். அரை மீட்டர் தள்ளியிருக்கும் பொருளுக்கு மொத்தம் ஒரு மீட்டர் பயணம். சிவப்பில் 70 சதவீதம் தங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி என்றால் மூன்று மீட்டர் பயணம், மூன்றில் ஒரு பங்கு சிவப்புதான். அதற்கு அப்பால் ஃபிளாஷை நம்பாதீர்கள்.

கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பதால் மிதக்கும் துகள்கள் அத்தனையிலும் பட்டு, படம் முழுக்கப் பனித்துளி கொட்டின மாதிரி வரும். அதனால்தான் ஸ்ட்ரோபை (தனி ஃபிளாஷ்) நீளக் கைகளில் பொருத்தி இரு பக்கமும் விலக்கி வைக்கிறார்கள். மிக நெருக்கமாகச் சின்ன உயிர்களை எடுப்பவர்களுக்கு நல்ல டார்ச் ஒன்றே போதும்.

இது புதிய யோசனையும் இல்லை. கடலுக்கடியில் முதல் வண்ணப்படத்தை 1926இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை ஒட்டிய டிரை டோர்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் எடுத்தார்கள். அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மிதவையில் மக்னீசியம் பொடியை வைத்து வெடித்து, தண்ணீருக்குள் வெளிச்சம் பாய்ச்சினார்கள். நிறம் வேண்டுமென்றால் ஒளியை நாமே கொண்டுபோக வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஃபோனில்தான் எடுக்கிறேன். எனக்கு வழி உண்டா?

உண்டு. லைட்ரூம் மொபைல் செயலியில் உள்ள கேமரா பல ஃபோன்களில் டிஎன்ஜி என்ற ரா வடிவத்தில் எடுக்க விடும். இறங்குவதற்கு முன்பே அதை அமைத்துவிடுங்கள், தண்ணீருக்குள் தொடுதிரை சொன்ன பேச்சுக் கேட்காது. வால்யூம் பொத்தானால் படம் எடுக்கப் பழகுங்கள். திருத்துவதற்கு ஸ்நாப்சீட் போதும்: வொயிட் பேலன்ஸ் கருவியில் வெப்பநிலையையும் டின்டையும் நகர்த்துங்கள், அப்புறம் கர்வ்ஸில் சிவப்பை மட்டும் தேர்ந்து, கோட்டின் மேல் முனையை இடப்பக்கம் இழுங்கள். ஃபோன் தண்ணீர் புகாதது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உப்புத் தண்ணீருக்கு உறை போடாமல் இறக்காதீர்கள்.

படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. லைட்ரூமில் எங்கே தொடங்குவது?

முதலில் வொயிட் பேலன்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக. டிராப்பரை (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவி) எடுத்து, இயல்பில் நிறமற்றதாக இருக்க வேண்டிய ஒன்றைத் தொடுங்கள்: மணல், செத்த பவளத்துண்டு, ஸ்கூபா சிலிண்டரின் வெள்ளிப் பகுதி, கண்ணின் வெள்ளை. தொடும் இடம் உங்கள் முக்கியப் பொருள் இருக்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் மணலைத் தொட்டால் அதன் நீலத்துக்கு ஏற்ப எல்லாம் நகரும், முன்னால் இருக்கும் முகம் தக்காளியாகிவிடும். இரண்டு மூன்று இடம் தொட்டுப் பார்த்து, முகமோ மீனோ எதில் இயல்பாக வருகிறதோ அதில் நிறுத்துங்கள்.

அடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது ஒவ்வொரு நிறமும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். சிவப்பு மலை இடது மூலையிலும் நீல மலை வலப்பக்கமும் பிரிந்து நிற்கும். வொயிட் பேலன்ஸ் சரியானதும் மூன்றும் ஒன்றை ஒன்று நெருங்கும். முழுக்க ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். படத்தில் பாதி தண்ணீர் என்றால் நீலம் கூடுதலாக இருப்பதுதான் நியாயம்.

பிறகு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி, கறுப்பை இறக்குங்கள். டிஹேஸ் (மூட்டம் நீக்கும் ஸ்லைடர்) பத்து பதினைந்துக்கு மேல் வேண்டாம். அதை ஏற்றினால் தண்ணீர் இன்னும் அடர் நீலமாகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். கடைசியில் நிறவாரியான ஸ்லைடர்களில் அக்வாவை லேசாக நீலப் பக்கம் திருப்பி, தண்ணீருக்கு அதன் நீலத்தைத் திருப்பிக் கொடுங்கள். சிவப்பை வளர்த்தபோது அதிலிருந்த நாய்ஸும் (புள்ளி புள்ளியாகத் தெரியும் கரகரப்பு) சேர்ந்து வளர்ந்திருக்கும். கலர் நாய்ஸ் குறைப்பை வழக்கத்தைவிடக் கூட்டுங்கள்.

வெப்பநிலை ஸ்லைடர் கடைசிவரை போய் முட்டிவிட்டது. இன்னும் நீலமாகவே இருக்கிறதே?

லைட்ரூமில் ரா ஃபைலுக்கு அந்த ஸ்லைடர் 50,000 கெல்வினில் நிற்கும். பத்து மீட்டரைத் தாண்டினால் அதுவும் போதாமல் போவதுண்டு. முட்டின இடத்தில் 16 பிட் டிஃப் ஃபைலாக வெளியே எடுத்து, அதைத் திறந்து மறுபடி வொயிட் பேலன்ஸ் செய்யுங்கள். இரண்டு கட்டமாகத் தள்ளுவது போல. டார்க்டேபிள் பயன்படுத்துபவர்கள் அதன் கலர் காலிப்ரேஷன் பகுதியில் முயன்று பாருங்கள், அங்கே நிறைய இடம் இருக்கிறது.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாது. இலவசமாக?

கிம்ப் போதும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, சேனலில் (ஒவ்வொரு நிறத்தின் தனிப்பதிவு) சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே உள்ள வெள்ளை முக்கோணத்தைப் பிடித்து, மலை முடியும் இடம்வரை இடப்பக்கம் இழுங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அதேபோல இரண்டு முனைகளையும் சரிசெய்யுங்கள். மூன்று நிமிட வேலை. ஐந்து மீட்டருக்குள் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இதிலேயே உயிர் பெற்றுவிடும். தானாகச் செய்யும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. அதை அழுத்திப் பார்த்து, அதிகமாகிவிட்டால் முக்கோணத்தைக் கொஞ்சம் திருப்பி விடுங்கள்.

சிவப்புச் சேனலைத் தனியாகப் பார்த்தால் முழுக்கக் கறுப்பு. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

சானல் மிக்ஸர் என்ற கருவி ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டிலும் உண்டு. வெளியீட்டுச் சேனலாகச் சிவப்பை வைத்து, அதில் பச்சையை 30, 40 சதவீதம் கலக்கலாம். இல்லாத சிவப்புக்குப் பதிலாகப் பச்சையிடம் கடன் வாங்குகிறோம்.

கடன் என்பதை மறக்கக் கூடாது. மணல், வெள்ளை உடை போன்றவற்றில் மூன்று நிறமும் இயல்பில் சமமாக இருக்கும். அங்கே பச்சையிடம் வாங்கிய சிவப்பு உண்மைக்கு நெருக்கமாகவே இருக்கும். தோலுக்கும் ஓரளவு ஒத்துவரும். ஆனால் சங்கரா மீன் மாதிரி உண்மையிலேயே சிவந்த ஒன்று பச்சையைத் திருப்பி அனுப்புவதே இல்லை. பச்சையிலும் அது கறுப்புதான், கடன் வாங்க அங்கே எதுவும் இல்லை. சந்தையில் பளபளவென்று சிவந்து கிடக்கும் மீன் படத்தில் சாம்பலாகவே நிற்கும். தூரிகை எடுத்து அதற்குச் சிவப்பு தீட்டலாம், ஆனால் அது திருத்தம் ஆகாது, ஓவியம்.

திருத்தியபின் தண்ணீர் ஊதாவாகிவிட்டது. என்ன தப்பு?

பொருளுக்குத் தேவைப்பட்ட சிவப்பைத் தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் ஊதா. வெறும் தண்ணீர் தெரியும் பகுதியை மாஸ்க் போட்டுப் பிரித்து, அங்கே மட்டும் வெப்பநிலையைத் திருப்பிக் குறையுங்கள். அவசரம் என்றால் ஊதா நிறத்தின் செறிவை மட்டும் இறக்கினாலும் பாதி சரியாகும்.

முன்னால் உள்ள மீன் சரியாக வந்துவிட்டது. பின்னால் உள்ள பாறை இன்னும் நீலம். இரண்டையும் ஒன்றாகத் திருத்த முடியாதா?

ஒரே ஸ்லைடரால் முடியாது. மீன் ஒரு மீட்டரில், பாறை ஆறு மீட்டரில். இரண்டும் இழந்த சிவப்பு வேறு வேறு அளவு. அதோடு பாறைக்கும் உங்களுக்கும் நடுவே ஆறு மீட்டர் தண்ணீரின் வெளிச்சம் மேலே பூசப்பட்டிருக்கிறது, அதாவது தண்ணீர் படத்தைக் கெடுப்பதாக முன்பு சொன்ன அந்த இரண்டாவது விதம். பூசப்பட்டதை முதலில் கழிக்க வேண்டும், இழந்ததை அதன்பிறகு பெருக்க வேண்டும், இரண்டையும் தூரத்துக்குத் தகுந்தபடி செய்ய வேண்டும்.

இதைத்தான் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் டெர்யா அக்காய்னாக், டாலி ட்ரைபிட்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட சீ-த்ரூ என்ற முறை செய்கிறது. ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்கு ஏற்பத் தண்ணீரின் விளைவை நீக்குகிறார்கள். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் மனதுக்கு மிக நேர்மையாகப் பட்டது இதுதான், ஏனென்றால் அது நிறத்தை ஊகிக்கவில்லை, ஒளி வந்த வழியைத் திருப்பி நடக்கிறது.

வீட்டில் அதன் எளிய வடிவத்தைச் செய்யலாம். தூரத்தை ஒட்டி மூன்று மாஸ்க் வரையுங்கள்: அருகில், நடுவில், தொலைவில். அருகில் உள்ளதற்கு முழுத் திருத்தம், நடுவில் இருப்பதற்குக் கறுப்பை இறக்கிக் கொஞ்சம் கூடுதல் வெதுமை, தொலைவை அப்படியே விட்டுவிடுங்கள். தொலைவு நீலமாக இருப்பதுதான் படத்துக்கு ஆழத்தைக் கொடுக்கிறது.

ஒரு பொத்தானில் திருத்தித் தரும் செயலிகள், ஏஐ கருவிகள் எல்லாம் எப்படி?

குடும்பப் படத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பலவும் படத்தின் மொத்தச் சராசரி சாம்பலாக வர வேண்டும் என்ற அனுமானத்தில் வேலை செய்கின்றன. பவளமும் மணலும் நிறைந்த படத்துக்கு அது பொருந்தும். நீலவெளியில் ஒற்றை ஆமை நீந்தும் படத்தில் அந்த அனுமானம் தோற்றுவிடும், கடல் முழுக்கச் சாம்பல் ஆகும். ஏஐ கருவிகள் இன்னும் ஒரு படி போய், மீன் எப்படி இருக்கும் என்று தாங்கள் கற்றதை வைத்து நிறம் நிரப்புகின்றன. பார்க்க அழகாக இருக்கும். நீங்கள் பார்த்த மீனின் நிறம் அதுவா என்பது வேறு கேள்வி.

பவளத்தின் நிலையைப் பதிவுசெய்ய எடுக்கும் படங்களை இப்படித் திருத்தலாமா?

கண்ணுக்கு அழகாக வரும்வரை தள்ளுவது இங்கே தவறு. மன்னார் வளைகுடாவில் 2016இல் நடந்தது போலக் கடல் சூடாகிப் பவளம் வெளுக்கும்போது, எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதே தகவல். வெப்பநிலை ஸ்லைடரைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் வெளுத்த பவளம் பழுப்பேறி ஆரோக்கியமாகத் தெரியும். குறைத்துத் தள்ளினால் நல்ல பவளம் வெளிறித் தெரியும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002இல் தயாரித்த நிற அட்டை போல ஒன்றைப் பவளத்தின் பக்கத்திலேயே பிடித்து, இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். அட்டைக்கும் பவளத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே தூரம். படம் என்ன நிறத்தில் வந்தாலும் ஒப்பிட்டுவிடலாம். திருத்தாத அசல் ஃபைலையும் பத்திரமாக வையுங்கள்.

வீடியோவுக்கும் இதே முறையா?

தத்துவம் ஒன்றுதான். கோப்ரோவில் ப்ரோட்யூன் அமைப்பில் வொயிட் பேலன்ஸை நேட்டிவ் என்றும், நிறத்தை ஃபிளாட் என்றும் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் மீன்கூட்டம் குறுக்கே போகும்போதெல்லாம் நிறம் ஏறி இறங்கும், அதைப் பின்னால் திருத்துவது நரக வேலை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஆர்ஜிபி மிக்ஸர் இருக்கிறது, சானல் மிக்ஸர் மாதிரியே பயன்படுத்தலாம். ஆழம் மாறும் இடங்களில் காட்சியை வெட்டி, தனித்தனியாகத் திருத்துங்கள்.

இருபது மீட்டரில் எல்லாம் நீலமாக இருக்க, ஒருவருடைய ஆரஞ்சு நிறத் துடுப்பு மட்டும் பளிச்சென்று எரிகிறதே?

அது ஒளிர்சாயம். நீல ஒளியை வாங்கி, ஆரஞ்சாக மாற்றி அங்கேயே வெளியிடுகிறது. அந்த நிறம் மேலிருந்து இறங்கி வரவில்லை. சில பவளங்களும் இப்படி ஒளிரும். படத்தைத் திருத்தும்போது இவை மட்டும் தீப்பற்றின மாதிரி ஆகும், அந்த இடத்தில் செறிவைத் தனியாகக் குறையுங்கள்.

எவ்வளவு முயன்றும் நிறம் வரவில்லை, ஆனால் படத்தை அழிக்க மனமில்லை. என்ன செய்வது?

கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஆழத்தில் எடுத்த படத்தில் பச்சைச் சேனல்தான் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்: நாய்ஸ் குறைவு, நீலச் சேனலில் இருக்கும் மூட்டமும் குறைவு. சானல் மிக்ஸரில் மோனோக்ரோமைத் தேர்ந்து, பச்சைக்கு 100, சிவப்புக்கு 0, நீலத்துக்கு 0 கொடுங்கள். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். திருக்கை, ஆமை, மூழ்கிய கப்பல், கூட்டமாகத் திரும்பும் பாரை மீன்கள் போல வடிவத்தால் நிற்கும் படங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். என் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரே கடல் படம் 22 மீட்டரில் எடுத்தது, அதில் சிவப்பு ஒரு துளிகூட இல்லை, இப்படித்தான் செய்தேன்.